அடிக்கு ஓர் அங்குலம்: நம் கரை வள்ளத்தை மாதிரிப் படகாகக் கட்டுவது எப்படி

மாதிரிப் படகு கட்ட ஆசைப்படும் பலர் முதலில் தேடுவது, வரிசையாகப் பீரங்கி வைத்த பழைய ஐரோப்பியப் போர்க்கப்பலைத்தான். பெட்டியில் வரும் அந்தச் சாமான் தொகுப்புக்கு விலையும் அதிகம், கயிறும் கப்பியும் நூற்றுக்கணக்கில். பாதியில் நின்றுபோய்ப் பரணுக்குப் போன பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை உள்ள கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் படகு நம் மீனவரின் மரப்படகான வள்ளமாக இருக்கட்டும். ஒற்றைப் பாய்மரம், நாலைந்து கயிறு, கண்ணுக்கு எதிரே அளந்து பார்க்க அசலே நிற்கிறது. சந்தேகம் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மரவள்ளங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகளில் பலர் வரைபடம் வைத்துக் கட்டியவர்கள் இல்லை. அளவு அவர்கள் கையிலும் கண்ணிலும் இருந்தது. நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் அளவுதான் சில வள்ளங்களுக்கு மிஞ்சப்போகும் ஒரே பதிவு.

முதல் வேலை: அளப்பது

என் முதல் படகை ஒரு புகைப்படத்தைப் பார்த்துக் கட்டினேன். பக்கவாட்டில் எடுத்த படம். நீளமும் உயரமும் சரியாக வந்தன. அகலத்தை ஊகித்துப் போட்டேன். ஊருணியில் விட்டதும் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிரவே இல்லை. அசல் வள்ளத்தை அளந்தபோதுதான் தெரிந்தது, அகலத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கைக் குறைத்திருந்தேன். மூன்று மாத வேலை அது. அதற்குப் பிறகு அளக்காமல் ஒரு குச்சியைக்கூட நான் வெட்டியதில்லை.

அளக்கப் போக நல்ல காலம், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள். படகுகள் கரையேறி நிற்கும், பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதுமாகக் கரையே பட்டறையாக இருக்கும். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை; ஆனால் பழுது பார்க்க ஏற்றி வைத்த வள்ளம் எந்த ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும். உடையவரிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது. எதற்கு அளக்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார்.

எடுத்துப்போக வேண்டியவை: நீண்ட டேப், நூல்கண்டு, தூக்குக்குண்டு, ஓர் ஆள் உயர மூங்கில் கம்பு, நோட்டு, பென்சில். அணியம் என்னும் முன்முனையிலிருந்து பின்பக்கம் வரை மேலே நடுவில் ஒரு நூல் கட்டுங்கள். அந்த நீளத்தைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் குறி போடுங்கள். நடுவில் ஒன்பது குறி வரும்.

இனிப் பொறுமை வேண்டிய இடம். ஒவ்வொரு குறியிலும் வள்ளத்தின் பக்கத்தில் கம்பைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தூக்குக்குண்டு அதைச் சரிபார்க்கும். கம்பில் தரையிலிருந்து அரை அடிக்கு ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். அந்தக் கோடு ஒவ்வொன்றிலிருந்தும் வள்ளத்தின் உடம்பு எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்று கிடைமட்டமாக அளந்து எழுதுங்கள். நடுநூலுக்கும் கம்புக்கும் உள்ள தூரத்தையும் குறித்துக்கொண்டால், வீட்டில் போய்க் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துச் சேர்க்கும்போது வயிறு எங்கே உப்புகிறது, எங்கே ஒடுங்குகிறது என்பது அப்படியே எழுந்து வரும். ஒரு பக்கம் அளந்தால் போதும். மேல்விளிம்பின் உயரத்தை மட்டும் ஒன்பது இடத்திலும் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் அது முன்னும் பின்னும் ஏறி நடுவில் தாழும். அந்த வளைவு தவறினால் வள்ளம் வள்ளமாக இருக்காது, தொட்டியாகிவிடும்.

பாம்பனில் ஒரு பெரியவர் நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மேல இருந்து பாத்தா எல்லா வள்ளமும் நேராத்தான் இருக்கும். குனிஞ்சு ஏராவுக்கு நேரா கண்ண வச்சுப் பாருங்க." குனிந்து பார்த்தேன். வள்ளத்தின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் மரமான ஏரா பின்பக்கம் இரண்டு விரல் அளவு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. பழைய மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டது. மாதிரியில் அந்தக் கோணலை வைப்பதா நேராக்குவதா என்பது உங்கள் விருப்பம். நோட்டில் மட்டும் உள்ளபடி எழுதுங்கள்.

எந்த அளவில் கட்டுவது

அடிக்கு ஓர் அங்குலம். அதாவது 12ல் ஒரு பங்கு. 24 அடி வள்ளம் 24 அங்குலமாகும், 6 அடி அகலம் 6 அங்குலம். தலையில் கணக்குப் போடலாம், டேப் ஒன்றே போதும். அலமாரியில் வைக்க மட்டும் என்றால் அடிக்கு அரை அங்குலம் போகலாம். ஆனால் தண்ணீரில் விட வேண்டும் என்றால் சிறியது கை கொடுக்காது.

காரணம் எடை. நீளம் 12ல் ஒரு பங்கானால் எடை 12 × 12 × 12, அதாவது 1728ல் ஒரு பங்காகும். ஆளும் வலையுமாக ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால் மாதிரியின் மொத்த எடை சுமார் 870 கிராம் இருந்தால்தான் அசல் மிதக்கும் மட்டத்தில் மிதக்கும். அதே வள்ளத்தை அரை அங்குல அளவில் கட்டினால் 110 கிராம்கூடக் கிடையாது. உடம்பு, பாய்மரம், பெயின்ட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புதியவர் கைக்கு அது முடியாத காரியம்.

மரமும் சாமானும்

உள்கட்டுக்கு 4 மில்லி பிளைவுட், ஏராவுக்கு 6 மில்லி. மேலே ஒட்டும் பட்டிக்கு 2 மில்லி கனம், 10 மில்லி அகலத்தில் கீற்றாக அறுத்த மரம். தேக்கு நன்றாக வளையும். மரக்கடையில் சன்னல் செய்து மிஞ்சிய ரீப்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே வட்ட ரம்பத்தில் கீற்றாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். உறுதியானது, நாரிழை நெருக்கமானது, படகுக்கு வங்கு, அதாவது விலா எலும்பு போன்ற உள்சட்டம், வைக்க நம் ஆட்கள் காலங்காலமாக எடுத்த மரம். பால்சா மரத்தை நான் தவிர்ப்பேன். வெட்டச் சுலபம்தான், ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும், நம் ஊர் விலைக்கும் கட்டாது. பாய்மரத்துக்கும், பாயைத் தாங்கும் குறுக்குக்கம்பான பருமலுக்கும் மூங்கிலைப் பிளந்து உருட்டிக்கொள்ளலாம்.

ஆயுதம் அதிகம் தேவையில்லை: சிறு வாள், ஹேக்ஸா பிளேடு, ஒரு நல்ல கத்தி, அரம், கை ட்ரில், 80, 120, 220, 400 எண் உப்புத்தாள். கூடவே துணி காயப்போடும் கிளிப் நான்கு டஜன். இது எத்தனை இருந்தாலும் போதாது.

பசை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை தண்ணீர் பட்டால் மறுபடி பாலாகிவிடும். தண்ணீர் தாங்கும் பெவிகால் மரைன், ஏரா போன்ற முக்கிய இணைப்புக்கு அரால்டைட். பெவிக்விக் அவசரத்துக்குப் பிடித்து நிறுத்த மட்டும்.

கட்டும் வரிசை

ஒரு நேரான, வளையாத பலகையை எடுத்து நடுவில் ஒரு கோடு இழுங்கள். படகைத் தலைகீழாகக் கட்டப்போகிறோம். தாளில் வரைந்த ஒன்பது வடிவங்களையும் பிளைவுட்டில் ஒட்டி வெட்டுங்கள். வெட்டும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பட்டியின் கனமான 2 மில்லியைச் சுற்றிலும் கழித்துக்கொண்டு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முடிவில் படகு தடித்துப்போகும். இரண்டு, மேல்விளிம்போடு நிறுத்தாமல் இரு கால்களாக நீட்டி வெட்டுங்கள். ஒன்பதின் கால்களும் ஒரே அடிமட்டத்துக்கு வரும்படி நீளம் கணக்கிட்டால், பலகையில் நிறுத்தியதும் மேல்விளிம்பின் ஏற்ற இறக்கம் தானாக வந்துவிடும். கட்டி முடித்தபின் கால்கள் தேவையில்லை.

உள்ளே வெற்றிடம் வேண்டுமே. ஒவ்வொரு வடிவத்திலும் விளிம்பிலிருந்து 8 மில்லி உள்ளே ஒரு கோடு போட்டு, கால்களை நடுத்துண்டோடு சேர்த்துவிட்டு, அந்தக் கோட்டில் முக்கால்வாசி அறுத்து வையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் சின்னப் பிடிப்பு விடுங்கள். பட்டி ஒட்டி முடிந்ததும் அந்தப் பிடிப்பை நறுக்கினால் நடுத்துண்டு கழன்று வந்துவிடும், மிஞ்சும் வளையம் வங்காக நிற்கும்.

வடிவங்களைக் கோட்டுக்குச் சரியாக நிறுத்தி ஏராவைப் பொருத்தியதும் பட்டி ஒட்டக் கை பரபரக்கும். ஒரு நாள் நிறுத்துங்கள். ஒரு பட்டியை எடுத்து முன்னிருந்து பின்வரை வடிவங்கள் மேல் சும்மா வைத்து வளைத்துப் பாருங்கள். எல்லா வடிவத்தையும் தொட வேண்டும். எங்கேயாவது இடைவெளி தெரிந்தால் அந்த வடிவம் உள்வாங்கியிருக்கிறது, மெல்லிய சீவல் வைத்து ஒட்டுங்கள். எங்கேயாவது எகிறினால் அங்கே தேயுங்கள். முன்னும் பின்னும் உள்ள வடிவங்களின் விளிம்பைச் சாய்வாகவும் தேய்க்க வேண்டும், பட்டி அங்கே முனையில் மட்டும் படாமல் முழுக்கப் படிய. நல்ல வெளிச்சத்தில், ஒரு நீளக் கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, நாலைந்து மாலை இந்த வேலைக்கே கொடுங்கள். இங்கே விட்ட மேடு பள்ளம் பெயின்ட் அடித்தபின் பளபளவென்று தெரியும்.

பட்டியைக் கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஈரத்தோடு வளைத்துக் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். காய்ந்த பின்தான் பசை. மேல்விளிம்புப் பட்டியில் ஆரம்பித்து ஏராவை நோக்கிப் போக வேண்டும். இடப்பக்கம் ஒன்று, உடனே வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கம் நாலு பட்டி ஒட்டினால் பசை காய்ந்து இழுக்கும்போது முழு உடம்பும் வாழைக்காய் போல வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த வழியே இல்லை. வயிறு அகலம், முனை குறுகல். ஆகவே ஒவ்வொரு பட்டியையும் இரு முனையிலும் சீவி மெலிவிக்க வேண்டும். எவ்வளவு என்று ஊகிக்காதீர்கள். நடு வடிவத்தின் சுற்றளவை ஒரு காகிதக் கீற்றால் எடுத்து எத்தனை பட்டி என்று வகுங்கள், பிறகு முனையில் உள்ள சுற்றளவை அதே எண்ணால் வகுங்கள். அங்கே பட்டிக்குக் கிடைக்கும் அகலம் அதுதான். பாதிக்கும் கீழே போனால் முனை உடையும். அப்போது ஒரு பட்டியைப் பாதியிலேயே முடித்துவிட வேண்டும்.

இடுக்குகளை அடைப்பதற்கு அசல் வள்ளத்தில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து பார்ப்பார்கள். மாதிரிக்கு, அதே மரத்தைத் தேய்த்த தூளைப் பசையில் குழைத்துப் பூசினால் போதும். நிறம் பொருந்திப் போகும். உள்பக்கம் முழுக்க அரால்டைட் போன்ற எபாக்ஸியை மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் ஈரம் ஏறாது.

பெயின்ட்

நம் கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. இரண்டு நாள் திறந்து கிடந்த மரத்தில் விரலை இழுத்து நாக்கில் வைத்தாலே தெரியும். அந்த உப்பின் மேல் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் கொப்புளம் கட்டி உரியும். நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, உடனே பிரைமர் அடியுங்கள். பிறகு எனாமல், மெல்லிய மூன்று பூச்சு, நடுவில் 400 எண் தாள். ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தில் வார்னிஷ் வேண்டாம், வெளுத்துப்போகும்.

விசைப்படகு மாதிரி கட்டுபவர்கள் பதிவு எண்ணை மறக்கக் கூடாது. இராமேசுவரம் பக்கத்துப் படகுகளில் ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும். எழுத்தின் உயரம், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். கை நடுங்கும் என்றால் காகிதத்தில் வெட்டிய அச்சு வைத்துப் பஞ்சால் ஒற்றலாம்.

பாயும் கயிறும்

பழைய வேட்டித் துணி பாய்க்கு ஏற்றது. வெள்ளையாக விடாமல் கெட்டித் தேயிலைச் சாயத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் பழுப்பேறிவிடும். பருத்தி வலைகளை அந்தக் காலத்தில் துவர்ச்சாயம் ஏற்றிப் பக்குவப்படுத்திய நிறத்துக்கு அது கிட்டே வரும். கயிறுக்குக் கடை நைலான் வேண்டாம், வழுக்கும், பளபளக்கும். மூன்று பருத்தி நூலைக் கை ட்ரில்லின் கொக்கியில் மாட்டி முறுக்கினால் எந்தக் கனத்துக்கும் கயிறு தயார். பாயின் கீழ்முனையைப் பிடித்திழுக்கும் தாமான் கயிறு, பருமலை ஏற்றி இறக்கும் கயிறு, நங்கூரக் கயிறு, மூன்றுக்கும் கனம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே நூலைக் கட்டினால் பார்க்கும் மீனவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தண்ணீரில் விடுவது

முதலில் வீட்டு அண்டா. கசிவு உண்டா, எந்தப் பக்கம் சாய்கிறது, மிதக்கும் மட்டம் எங்கே என்று பாருங்கள். வலையில் கட்டும் ஈயக்குண்டுதான் இதற்குச் சிறந்த பாரம்; ஒவ்வொன்றாக ஏராவை ஒட்டி வைத்து, குறித்த மட்டம் வரை இறக்கி, பிறகு ஒட்டிவிடுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

பாய் கட்டி விடும்போது ஒரு கணக்கு குறுக்கே வரும். ஒரே காற்றில், பாய் படகைச் சாய்க்கும் பலம் 1728ல் ஒரு பங்காகக் குறைகிறது. படகு தன்னை நிமிர்த்திக்கொள்ளும் பலமோ 20,736ல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எடையும் சிறிது, அது வேலை செய்யும் தூரமும் சிறிது. ஆகவே அசல் வள்ளம் சிரித்துக்கொண்டு ஓடும் காற்றில் மாதிரி கவிழும். விடியற்காலை இளங்காற்றில், ஊருணியில் விடுங்கள். அல்லது ஏராவுக்குக் கீழே ஒரு சாண் கம்பியில் ஈயக்குண்டு தொங்கவிட்டு, வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். பாக் நீரிணைப் பக்கத்தில் வத்தை என்னும் பாய்ப்படகுகளில் குறுக்கே பலகை நீட்டி அதன் மேல் ஆள் ஏறி உட்கார்ந்து பாரம் சரிக்கட்டுவார்கள். அந்தப் பலகையையும் மாதிரியில் வைத்துப் பார்க்கலாம், பார்க்க அத்தனை அழகு.

கடலில் விட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இராமேசுவரம் தீவின் தென்பக்கம், ஆண்கடல் என்று நம்மவர் சொல்லும் மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். வடபக்கத்துப் பெண்கடல் குளம் போல் கிடக்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கச்சான் அங்கே கரையிலிருந்து கடலை நோக்கித்தான் அடிக்கிறது. விட்ட படகு திரும்பாது, பின்னாலேயே நீந்திப் போகிற ஆளுக்கும் ஆபத்து. தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பு ஒன்றைப் பின்பக்கத்தில் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு விடுங்கள்.

பழைய மாதிரியைச் சீர்செய்ய

கீழக்கரையில் ஒரு நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இரண்டடித் தோணி ஒன்று என் கைக்கு வந்தது. அவருடைய பாட்டனார் காலத்துச் சாமான். பாய் தொட்டாலே பொடிந்தது, ஆணிகள் துருவேறி மரத்தில் கறுப்பாக ஊறியிருந்தன, வைத்த இடத்தில் மறுநாள் காலை கோதுமை மாவு போல மஞ்சள் தூள். உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஒன்று வந்தால் முதல் நாள் படம் மட்டும் எடுங்கள். ஆறு பக்கமும், ஒவ்வொரு முடிச்சும். கழன்று விழும் துண்டு எதையும் எறியாமல் கவரில் போட்டு எந்த இடம் என்று எழுதி வையுங்கள். பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் வியர்வை முழுக்க மரத்தில் இறங்கும்.

தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, சோப்பு ஒரு சொட்டுக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைப் பஞ்சில் தொட்டுப் பிழிந்து, விரல்நகம் அளவு இடமாகத் துடைக்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்துங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. துருவேறிய ஆணியை இழுத்தால் மரம் பிளக்கும். அதன் தலையில் சால்டரிங் அயர்ன் முனையைச் சிறிது நேரம் வைத்தால் சூட்டில் பிடிப்பு விடும். பிறகு மெல்லத் திருகி எடுத்து அந்தத் துளையில் மூங்கில் ஆணி இறக்குங்கள். பழைய இணைப்பு, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையாக இருந்தால் வெந்நீர்த் துணி வைத்தாலே இளகிவிடும். மறுபடி ஒட்டவும் அதையே எடுங்கள், நாளைக்கு வேறொருவர் பிரிக்க முடியும். எபாக்ஸி போட்டால் முடியாது.

அந்தத் தோணிக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கவில்லை. பாட்டனார் பூசிய பச்சை பாதி உதிர்ந்து அப்படியேதான் இருக்கிறது. நண்பருக்கு முதலில் குறைதான். அடித்தால் அவர் கை பட்ட இடமெல்லாம் மறைந்துவிடும் என்று சொன்னேன், விட்டுவிட்டார்.

பீடம்

கரையில் கிடக்கும் பவளக்கல்லில் படகை நிறுத்தினால் அழகாக இருக்கும் என்று பலருக்குத் தோன்றும். வேண்டாம். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. இறந்த பவளத் துண்டானாலும் எடுத்து வருவது குற்றம். ஒரு சீமைக்கருவேலங்கட்டையைச் சீவி எண்ணெய் தேய்த்தால் அதைவிட நன்றாக இருக்கும். கண்ணாடிப் பெட்டி வைத்தால் பின்பக்கம் இரண்டு சிறு துளை விடுங்கள், புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காது.

பீடத்தின் அடியில் எந்த ஊர்க் கரை, யாருடைய வள்ளம், எந்த ஆண்டு அளந்தது என்று அழியாத மையில் எழுதிவிட்டு, அளவு கொடுத்தவரிடம் ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்: கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "தண்டு வலிக்க முளை எங்க தம்பி?" என்றார். மேல்விளிம்பில் துடுப்பைக் கட்டும் அந்த மூங்கில் முளை என் நோட்டிலேயே இல்லை. அவர் வள்ளத்தில் போய்ப் பார்த்தேன், பக்கத்துக்கு இரண்டு. அன்று சாயங்காலமே செதுக்கி வைத்துவிட்டேன்.